மீன்தொட்டிக்கு எத்தனை விளக்கு

எண்பத்தைந்து, எண்பத்தாறாம் வருடத்துத் தாராவியில் டிவி இல்லாத வீடு எது என்று கேட்டால், அந்தச் சந்தில் யாரும் யோசிக்காமல் கரீம் பாட்சா வீட்டைத்தான் காட்டுவார்கள். தகரக் கூரை ஒவ்வொன்றிலும் ஆன்டெனா முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பாட்சா வீட்டுக் கூரையில் மட்டும் நஜ்முன்னிசா காயப்போட்ட வற்றல் இருக்கும். வசதி இல்லாமல் இல்லை. கீழே தோல் பர்ஸ் தைக்கிற பட்டறை, மேலே குடித்தனம். பட்டறையில் மிஷின்கள் ஓயாமல் ஓடின. மனசு வைத்தால் கலர் டிவியே வாங்கலாம். வாங்க விடாமல் செய்தது அவருடைய வாய்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஜமாத்துக்காரர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். டிவி வந்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். பாட்சாவுக்குப் பெரிய மனிதர்கள் நடுவில் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. முன்னால் வந்து நின்று, "எம் உசிரு இருக்கிற வரைக்கும் அந்தப் பொட்டி எம் வாசப்படிய தாண்டாது" என்றார். மாஷா அல்லாஹ் என்று முதுகில் தட்டினார்கள். அன்று வீட்டுக்கு நடந்த நடையில் பாட்சாவின் கால் தரையில் படவில்லை.

தட்டிய கைகள் எல்லாம் இரண்டே வருடத்தில் தத்தம் கூரையில் ஆன்டெனா கட்டின. பாட்சா சொன்னதை அவர்களில் ஒருவர்கூட ஞாபகம் வைத்திருக்கவில்லை. அவரே ஒரு டிவியைத் தலையில் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலைச் சுற்றி வந்திருந்தாலும், என்ன விலை என்று கேட்டிருப்பார்களே தவிர வேறு ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மனிதர் அப்படிப்பட்டவர் இல்லை. சொன்னது சொன்னதுதான்.

அவருடைய ஆசை டிவி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மேலப்பாளையத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் பம்பாய்க்கு வந்தவர். வந்த புதிதில் ஆட்கள் முறை வைத்துத் தூங்குகிற ஒரே அறையில் இருந்தார். பகல் ஷிப்டுக்காரன் வரும்போது ராத்திரி ஷிப்டுக்காரன் கிளம்புவான். எந்நேரம் வந்தாலும் யாராவது குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள், பேச ஒரு ஆள் விழித்திருக்க மாட்டான். அன்றைக்கு நடந்ததைச் சொல்வதற்கு ஆள் இல்லாமல், வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்துவிடுவார். என்றைக்காவது வீடு என்று ஒன்று அமைந்தால் சாயங்காலம் அதில் ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் அவர் பம்பாயிடம் கேட்டது.

பம்பாயும் கொடுத்தது. சாயங்காலம் மஃரிப் தொழுகை முடிந்து, மிஷின்கள் ஓய்ந்து, ஏணிப்படியில் மேலே ஏறினால் நஜ்முன்னிசா இருப்பாள், மகள் ரோஷன் இருப்பாள், மகன் ஜமால் இருப்பான். நடுவில் வறுத்த கடலை, டீ. அன்றைக்குப் பட்டறைக்கு வந்த சேட் எப்படிப் பேரம் பேசினான், காட்கோபர் ரயிலில் எவன் கால் எவன் செருப்பில் சிக்கியது என்று ஒன்று விடாமல் சொல்வார். மூன்று பேரும் கேட்பார்கள். கையகல வீடு, நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆனாலும் அந்த நேரத்தில் தன்னைவிடப் பெரிய பணக்காரன் மலபார் ஹில்லில்கூட இல்லை என்று பாட்சா நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துச் சாயங்காலங்களுக்கு அப்படி ஒரு நீளம் இருந்தது. இப்போது அதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அதில் மண் விழுந்தது அடுத்த வீட்டுச் செல்லத்துரை கலர் டிவி வாங்கிய அன்று. செல்லத்துரை திசையன்விளைக்காரர், மளிகைக் கடை வைத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தகரத் தடுப்பு. அந்தப் பக்கம் கடுகு தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். முதலில் ஜமால் போனான். அடுத்து, தம்பியைக் கூப்பிட்டு வருகிறேன் என்று ரோஷன் போனாள். இரண்டு பேரையும் கூப்பிட்டு வருகிறேன் என்று நஜ்முன்னிசாவும் போய்விட்டாள். பிறகு சாக்குகள் வளர்ந்தன. புதன்கிழமை பாட்டு நிகழ்ச்சிக்கு உறைமோர் வாங்கப் போவாள், பால் தானாகவே உறைந்த பிறகு திரும்பி வருவாள். ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிற இந்தி நாடகம் ஒன்று தொடங்கியது. அதற்கப்புறம் சாக்குச் சொல்வதையும் விட்டுவிட்டார்கள்.

பாட்சா கடலையும் டீயுமாகத் தனியாக உட்கார்ந்திருப்பார். போகாதே என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பிடித்து உட்கார வைத்தால் உடம்பு இங்கே இருக்கும், காது தகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும். செல்லத்துரையே ஒருநாள் வந்து கூப்பிட்டார்.

"பாய், நீங்களும் வாங்க. எங்க வாசப்படியத் தாண்டித்தான பொட்டி வந்திருக்கு, ஒங்க வாசப்படிய தாண்டலையே?"

"வேண்டாம் அண்ணாச்சி. சொன்ன சொல்லுல சந்து தேடுதது நமக்கு ஆவாது."

செல்லத்துரை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன், கொஞ்சம் கிறுக்கு என்பது மாதிரி.

இந்த நிலைமையில்தான் பாட்சா பல்வலிக்காக மாட்டுங்காவில் ஒரு பல் டாக்டரைப் பார்க்கப் போனார். காத்திருக்கும் அறையில் ஒரு மீன்தொட்டி. இருந்த அத்தனை பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். அழுதுகொண்டு வந்த குழந்தைகூட வாயை மூடிக்கொண்டு பார்த்தது. பாட்சாவுக்கு வலி மறந்துபோயிற்று. கலராக இருக்கிறது, அசைகிறது, எல்லோரையும் உட்கார வைக்கிறது. சொன்ன சொல்லுக்கும் பங்கம் இல்லை. பல்லைக்கூடப் பிடுங்காமல் நேரே கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருந்த மீன்கடைக்குப் போனார்.

கடைக்காரர் ஜகந்நாதன், ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மீன் வளர்த்து வளர்த்து வீட்டில் இடம் இல்லாமல் கடை போட்டவர். தொட்டி, காற்று ஊதும் சின்ன மோட்டார், மேலே வைக்கிற தகர மூடி எல்லாம் எடுத்துக் கொடுத்தார். மூடிக்குள் ஒரே ஒரு பல்பு.

"இது போறுமா சாமி?" என்றார் பாட்சா.

"தாராளமாப் போறும் பாய். சாயந்திரம் கொஞ்ச நேரம் போடுங்கோ, அணைச்சுடுங்கோ. வெயில் படாத இடமா வையுங்கோ. மீனுக்கு நம்மளை மாதிரி வெளிச்சத்துல பேப்பர் படிக்கற வேலை இல்லை."

பாட்சா தலையாட்டினார். காதில் வாங்கினாரா என்பது வேறு விஷயம். தொட்டியை மடியில் வைத்து, மீன் பைகளைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு டாக்சியில் வந்து இறங்கியபோது சந்தே கூடிவிட்டது.

முதல் நாலு நாள் அவர்தான் ராஜா. ஜமால் தொட்டியை விட்டு நகரவில்லை. கறுப்பு மீன், வால் நீண்ட பொன் மீன், கோடு போட்ட தட்டை மீன் ஒவ்வொன்றுக்கும் ரோஷன் பள்ளிக்கூட டீச்சர்களின் பெயரை வைத்தாள். செல்லத்துரையின் மனைவி பிச்சம்மாள்கூட வந்து, "இது நல்லா இருக்கே மைனி, கரண்டு செலவும் கம்மி" என்றாள். அதைக் கேட்டு பாட்சாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதற்குள் புதன்கிழமை வந்துவிட்டது. தகரத்துக்கு அந்தப் பக்கம் பாட்டு ஆரம்பித்ததும் இந்தப் பக்கம் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள்.

என்ன குறை என்று அவர் யோசித்தார். தோல்காரர் அல்லவா, தோல்காரர் மாதிரிதான் யோசித்தார். பட்டறையில் தையல் கோணினால் முதலில் மேஜைக்கு மேலே ட்யூப் லைட்டைத்தான் கூட்டுவார். வெளிச்சம் கூடினால் வேலை சுத்தமாகும். எனவே கீழேயிருந்து இரண்டு ட்யூப் லைட்டைக் கழற்றி மேலே கொண்டுவந்து தொட்டிக்கு மேலே கட்டினார். ஒன்றுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினார், இன்னொன்றைச் சும்மா விட்டார். அதுவும் போதாமல், கோயில் கொடை விழாவுக்கும் கல்யாணத்துக்கும் விளக்கு போடுகிற பஞ்சுவைக் கூப்பிட்டு, தொட்டியைச் சுற்றி சீரியல் பல்பு மாலை போடச் சொன்னார்.

பஞ்சு ஒயரைப் பல்லில் கடித்தபடி, "பாய், உள்ள இருக்கது மீனா, மாப்பிள்ளையா?" என்று கேட்டான்.

பாட்சா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. விடியற்காலைத் தொழுகைக்கு எழும்போது போட்ட விளக்கு, படுக்கிறபோதுதான் அணையும். பார்க்க வருகிறவர்களுக்கு மீன் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்று இரையும் கை நிறையப் போட்டார். அந்த வாரம் வீடு நிறைய ஆட்கள். ரோஷன் அந்த இந்தி நாடகத்துக்கு ஒரு நாள் போகவே இல்லை. பாட்சா பட்டறையில் பாட்டு முனகிக்கொண்டு தோல் வெட்டினார்.

அடுத்து பாசி வந்தது. முதலில் கண்ணாடியில் லேசாக ஒரு பச்சை. புல் முளைத்தது மாதிரி அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்தார். பிறகு கல்லில் ஏறியது, காற்றுக் குழாயில் ஏறியது, கடைசியில் தண்ணீரே பச்சையாகிப்போனது. உள்ளே மீன் போவது நிழல் போவது மாதிரி தெரிந்தது. உள்ளே தெரியவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும்? பாட்சாவின் கணக்குப்படி இன்னும் ஒரு விளக்கு போட வேண்டும். போட்டார். இரண்டே நாளில் தண்ணீர் கெட்டிப் பச்சையாகிவிட்டது.

நஜ்முன்னிசா எட்டிப் பார்த்துப் புருஷனைக் கூப்பிட்டாள். "ரோஷன் வாப்பா, இத கடைஞ்சா ஒரு வேளைக் கொழம்புக்கு ஆவும். மீனும் உள்ளேயே கெடக்கு."

பாட்சாவுக்குக் கோபம் வந்தது. தோல் சீவுகிற கத்தியை எடுத்து வந்து கண்ணாடியைச் சுரண்டினார். அடுத்த நாள் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வந்தபோது, மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுக் குடம் குடமாகப் புதுத் தண்ணீர் ஊற்றினார். பளிச்சென்று இருந்தது. மத்தியானம் கறுப்பு மீன் இரண்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஜமால் அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு வாரத்தில் பச்சையும் திரும்பி வந்தது. மூன்று பேரும் பழையபடி சாயங்காலம் ஆனதும் செல்லத்துரை வீட்டில் இருந்தார்கள். பச்சைத் தண்ணீரையும் விளக்கு அலங்காரத்தையும் பார்த்துக்கொண்டு பாட்சா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

மறுபடியும் கிங்ஸ் சர்க்கிள். ஜகந்நாதன் கேட்ட முதல் கேள்வியே விளக்கைப் பற்றித்தான். "எத்தனை லைட் போட்டிருக்கேள்?"

டாக்டரிடம் பீடியைக் குறைத்துச் சொல்கிறவர் மாதிரி பாட்சா தயங்கினார். "ஒரு ட்யூப்பு... ரெண்டுன்னு வைங்க. மூணாவது இப்பதான் போட்டது. பெறவு கொஞ்சம் சீரியல் பல்பு."

"எந்நேரமும்?"

"காலையில பாங்கு சொன்னதுலேருந்து."

ஜகந்நாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கக் கூடாது என்று அவர் பட்ட பாடு பாட்சாவுக்குத் தெரிந்தது. "பாய், நீங்க மீன் வளர்க்கலை. பாசி வளர்க்கறேள். வெளிச்சமும் மீந்துபோன இரையும்தான் அதுக்குச் சாப்பாடு. குழாய்த் தண்ணியையும் அப்படியே ஊத்தப்படாது, அதுல மருந்து இருக்கும். ஒரு நாள் பிடிச்சு வெச்சு, கால் பங்கு மட்டும் மாத்தணும். எல்லா லைட்டையும் கழட்டுங்கோ. தொட்டியைக் கறுப்புத் துணியால சுத்தி மூடிடுங்கோ. நாலஞ்சு நாள் வெளிச்சமும் வேண்டாம், இரையும் வேண்டாம், காத்து மோட்டார் மட்டும் ஓடட்டும். மீன் தாங்கும், பாசி தாங்காது."

"அதுக்குப் பெறவு?"

"அந்த ஒத்தை பல்பு. சாயந்திரம் ரெண்டு மூணு மணி நேரம், அவ்வளவுதான். எந்த நேரம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்கோ. வீட்ல எல்லாரும் கூடி உக்கார்ற நேரமாப் பார்த்துப் போடுங்கோ."

சாதாரணமாகத்தான் சொன்னார். பாட்சாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. அப்படி ஒரு நேரம் தன் வீட்டில் இப்போது இல்லை என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலம் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒளு செய்ய உட்கார்ந்தவர் கையில் தண்ணீரை அள்ளியபடி அப்படியே பார்த்தார். கை கால் கழுவுகிற அந்தத் தொட்டியில் வெயில் விழுகிற மூலை மட்டும் பச்சை பிடித்து வழுக்கியது. கூரை நிழலில் இருந்த பக்கம் அடிக்கல் வரை தெரிந்தது. தினம் ஐந்து வேளை அதில்தான் முகம் கழுவுகிறார். ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

விளக்குகளைக் கழற்றிப் பட்டறைக்கே கொண்டுபோனார். பர்ஸுக்கு உள்வைத்துத் தைக்கிற கறுப்பு ரெக்சினால் தொட்டியைச் சுற்றி மூடினார். இடுக்கு வழியாக வெளிச்சம் போய்விடுமோ என்று பயந்து, மூன்று பேரும் செல்லத்துரை வீட்டுக்குக் கிளம்பிப் போனதும் அறை விளக்கையும் அணைத்தார். இருட்டில் கால் நீட்டி உட்கார்ந்தார். காற்று மோட்டார் மட்டும் முணுமுணுத்தது.

கண்ணுக்கு வேலை இல்லாததால் காது தானாக அந்தப் பக்கம் போயிற்று. நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அதில் ஒரு பெண் சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. அடங்கியது, மூச்சு வாங்கியது, மறுபடி கிளம்பியது. பிச்சம்மாளா? பிச்சம்மாள் சிரிப்பு இருமல் மாதிரி இருக்கும். யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தவருக்கு, அது நஜ்முன்னிசா என்று தெரிந்தபோது தூக்கிவாரிப் போட்டது.

கல்யாணமான புதிதில் அவள் இப்படிச் சிரித்துக் கேட்டிருக்கிறார். அப்புறம்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. நம் வீட்டில் இல்லாத என்ன இருக்கிறது அங்கே என்று. அடுத்த நாளும் இருட்டில் உட்கார்ந்தார், அதற்கடுத்த நாளும். நாடகம் முடிந்த பிறகும், நாடகம் இல்லாத நாளிலும் அந்த வீட்டில் பேச்சு நடக்கும். இனி அந்த நாடகத்து மருமகள் என்ன செய்வாள் என்று நஜ்முன்னிசா விளக்கமாகச் சொல்வாள், பிச்சம்மாள் மறுப்பாள், ரோஷன் யாரைப் போலவோ பேசிக் காட்டுவாள், செல்லத்துரை சிரிப்பார். தன் மனைவிக்கு இவ்வளவு பேச வரும் என்று பாட்சாவுக்குத் தெரியாது. தெரிய வாய்ப்பில்லை. அத்தனை வருடச் சாயங்காலங்களிலும் கடலையை மென்றபடி அவர்தான் பேசினார். மற்றவர்கள் கேட்டார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளை அவர் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு படுப்பது எப்படி இருக்கும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இருட்டில் அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

ரெக்சினைப் பிரித்த அன்று தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. மீன்கள் கொஞ்சம் மெலிந்திருந்தன, ஒன்றும் சாகவில்லை. ஜமால் முதலில் பார்த்துவிட்டுக் கூவினான். நாடக நேரம் நெருங்கியது. மூன்று பேரும் கிளம்பவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றார்கள்.

"வாப்பா, லைட்டு போடலையா?" என்றாள் ரோஷன். "இன்னைக்கு நாங்க வேணா இருக்கோம்."

"நீங்க போயிட்டு வாங்க, நாடகம் ஆரம்பிச்சிருவான்" என்றார் பாட்சா. "ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம்தான் வெளக்கு போடலாமாம். நீங்க வந்த பெறவு போடுதேன்."

நஜ்முன்னிசா அவர் முகத்தையே பார்த்தாள். கோபமா என்று தேடினாள். ஒன்றும் பிடிபடாமல் போனாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது அறை இருட்டாக இருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் பாட்சா அந்த ஒற்றை பல்பைப் போட்டார். மஞ்சள் வெளிச்சம் தொட்டியில் இறங்கி, தரையில் பாதி தூரம் வந்தது. பொன் மீன் வாலை விசிறித் திரும்பியது. பிள்ளைகள் இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்தார்கள். பாட்சாவே டீ போட்டு வைத்திருந்தார். சர்க்கரை கூடிப்போயிருந்தது, ஒருவரும் சொல்லவில்லை. நாலு பேரும் உட்கார்ந்தாயிற்று. வழக்கப்படி அவர்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும்.

"நஜ்மு, இன்னைக்கு நாடகத்துல என்ன ஆச்சு?"

அவள் டீயைக் கீழே வைத்தாள். "கிண்டலா பண்ணுதிய?"

"இல்லளா. அன்னைக்கு அந்த மருமவ வீட்ட விட்டுப் போவான்னு நீ சொன்னியாமே, பிச்சம்மா போவமாட்டான்னாளாம். போனாளா?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தகரந்தானே."

அவளுக்கு முகம் சிவந்தது. முதலில் இரண்டு வார்த்தை சொன்னாள், நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மேலும் கொஞ்சம் சொன்னாள். மாமியார் வந்த இடத்தில் ரோஷன் எழுந்து மாமியாராக நடந்து காட்டினாள், தலை கூரையில் இடித்தது. ஜமால் நடுவில் புகுந்து பின்னால் நடந்ததை முன்னால் சொல்ல, அம்மா அவனை அதட்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மாமியார் செய்தது நியாயம் என்று பாட்சா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மூன்று பேரும் அவர் மேல் பாய்ந்தார்கள். நஜ்முன்னிசா சிரித்தாள். அடங்கி, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள்.

பல்பை அணைக்கிற நேரம் வந்தது. ஜகந்நாதன் சொன்னதை இந்த முறை ஒழுங்காகக் கேட்பது என்று முடிவு செய்திருந்த பாட்சா, சுவிட்சுப் பக்கம் கையை நீட்டினார். நஜ்முன்னிசா சட்டென்று கதையை நிறுத்தினாள். "சரி, மிச்சத்த நாளைக்குச் சொல்லுதேன். பாசி புடிச்சிரப் போவுது."

பாட்சா கையை எடுத்துவிட்டு மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டார்.

"புடிச்சா சொரண்டிக்கிடுதேன். நீ சொல்லு."